மூன்றாவது நேம் சர்வர்

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் இருக்கிறோம். வாதம் வந்ததிலிருந்து உன் மச்சானின் வலது கை இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, வாய் மட்டும் பழையபடி. உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? உன் இடுப்பு வலி எப்படி? நாற்காலியை மாற்று என்று சொல்லி ஒரு வருடம் ஆகிறது.

காகிதத்தில் எழுதுகிறேனே என்று பார்க்காதே. மெயில் போட்டால் உனக்கு வந்து சேருமா என்பதே இப்போது சந்தேகம். போனில் பேசலாம் என்றால் முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு திரை. நான் பெருமூச்சு விட்டாலும் அவர் "என்ன?" என்பார்.

விஷயம் இதுதான். நம் கண்ணாடிக் கடையின் வெப்சைட் எனக்குத் தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து, "அக்கா, உங்க சைட்டத் திறந்தா கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதுன்னு வருது. கடைய மூடிட்டீங்களா?" என்று கேட்டார். அந்த மூடின கடையில் உட்கார்ந்துதான் அவருடைய மூக்குக் கண்ணாடிக்குத் திருகு முடுக்கிக் கொடுத்தேன். என் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன், அழகாக வந்தது. அவர் கடையில் போய்த் திறந்தார், வரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

சைட் போனால் போகட்டும். கண் தெரியாமல் வருகிறவர்கள் சைட்டைப் பார்த்தா வருகிறார்கள்? எனக்கு மெயில்தான் கவலை. நேற்று ஒருவர், "மூணு தடவ மெயில் போட்டேன், ஒரு பதில் உண்டா?" என்று சண்டைக்கு வந்தார். எனக்கு ஒன்றுகூட வரவில்லை. அவருடையது வரவில்லை என்றால் இன்னும் யார் யாருடையது வரவில்லை?

உனக்கே தெரியும். நம் வாலு மூன்று வருடத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போன அன்று என்னிடம் சொன்னது ஒன்றுதான். "போன் பண்ண மாட்டேம்மா, அப்பா எடுத்துடுவார். எழுதணும்னு தோணுச்சுன்னா கடை மெயிலுக்கு எழுதறேன். அத நீதான பாக்கற." அன்றிலிருந்து கடை திறந்ததும் எனக்கு முதல் வேலை அதுதான். ஒரு வரி வந்ததில்லை. பெற்றவளை மறந்துவிட்டாள் என்று நினைத்து மனதைக் கல்லாக்கிக்கொண்டிருந்தேன். இப்போது, ஒருவேளை அவள் எழுதியிருப்பாளோ என்று தோன்றுகிறது. என்னவென்று பார்த்துச் சொல்லடா.

உன் அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். நாற்காலியை மாற்றவில்லை, திட்டாதே. ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவனுக்கு டாக்டரைப் பார்க்க மட்டும் நேரம் கிடைப்பதில்லை.

பயப்படாதே. இது பெரும்பாலும் நேம் சர்வர் கோளாறு. தெருமுனையில் நின்று வழி சொல்கிறவர் என்று வைத்துக்கொள். நம் கடைப் பெயரைச் சொல்லிக் கேட்டால், இந்த வீட்டுக்குப் போ என்று கை காட்டுவார். சைட் பார்க்க வருகிறவருக்கும் அவர்தான், வருகிற மெயிலுக்கும் அவர்தான். வழி சொல்கிறவர் ஒருவருக்கு மேல் இருப்பார்கள், எல்லோரும் ஒரே வீட்டைக் காட்ட வேண்டும். யாரோ ஒருவர் மாற்றிக் காட்டுகிறார் போலிருக்கிறது.

இரண்டரை வருடத்துக்கு முன்னால், சைட்டையும் மெயிலையும் வைத்திருந்த பழைய ஹோஸ்டிங் கம்பெனி மெதுவாக இருக்கிறது என்று நான்தான் புதிய கம்பெனிக்கு மாற்றினேன். அங்கே போன் செய்து, நம் டொமைனுக்கு, அதாவது கடையின் இணையப் பெயருக்கு, என்னென்ன நேம் சர்வர் என்று கேள். நாற்பத்தெட்டு மணி நேரம் காத்திருங்கள் என்பார்கள், விட்டுவிடாதே. டொமைன் கணக்கின் பாஸ்வேர்டு மச்சானிடம் இருக்கும், எனக்கு அனுப்பு.

வாலு விஷயமாக இப்போதே எதையும் நினைத்துக்கொள்ளாதே.

தம்பி


மார்ச் 1

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். உன் இடுப்பைப் பற்றி இனி நான் பேசப் போவதில்லை.

ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் செய்தேன். முதல் நாள் ஒரு பெண், "எங்க பக்கம் எல்லாமே சரியா இருக்கு மேடம், நாற்பத்தெட்டு மணி நேரம் வெயிட் பண்ணுங்க" என்றாள். காத்திருந்தேன். அடுத்து வேறொருவர், "உங்க கம்ப்யூட்டர்ல பழச எல்லாம் அழிச்சிட்டுத் திரும்பத் திறங்க" என்றார். "எனக்குத் தெரியுதுப்பா, மத்தவங்களுக்குத்தான் தெரியல. நான் எதுக்கு அழிக்கணும்?" என்றேன். கொஞ்ச நேரம் பாட்டு போட்டுவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்து புகாருக்கு டிக்கெட் எண் ஒன்று கொடுத்தார். மறுநாள் அந்த டிக்கெட்டை அவர்களே மூடிவிட்டு, தீர்ந்துவிட்டதா, எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டார்கள். கேட்டதை எந்த முகவரிக்கு அனுப்பினார்கள் என்கிறாய்? வராமல் போகும் அதே கடை மெயிலுக்கு. அது மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

பாஸ்வேர்டைக் கேட்டதும் உன் மச்சான், "எதுக்கு?" என்றார். "சைட் ரிப்பேர், தம்பி பாக்கறான்" என்றேன். பவர் எழுதும் நோட்டில் எங்கேயோ எழுதி வைத்திருந்தார். அவர் எதையும் தூக்கிப் போடமாட்டாரே, பதினைந்து வருடத்து நோட்டுகளும் இருக்கின்றன. யாரோ ஒருவருடைய இடது கண் பவருக்குக் கீழே கிடைத்தது. தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சீக்கிரம் பார். இங்கே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ உட்கார்ந்துகொண்டு இதைப் படி.

டொமைன் கணக்குக்குள் போய்ப் பார்த்தேன். நேம் சர்வர் பட்டியலில் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தன. இரண்டு புதிய கம்பெனியுடையவை. மூன்றாவது பழைய கம்பெனியுடையது. கேட்கிறவர்களில் சிலரை அது பழைய வீட்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அங்கே நம் சைட்டின் பழைய நகல் அப்படியே இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஜனவரியோடு பழைய கம்பெனியின் ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்து அவர்கள் கணக்கை நிறுத்தியதால்தான் இப்போது வெளியே வந்தது.

மூன்றாவதை எடுத்துவிட்டேன். இரண்டு நாளில் எல்லோருக்கும் சரியாகத் தெரியும்.

மெயிலும் அப்படித்தான் போயிருக்கும் அக்கா. பழைய கம்பெனியிலும் நம் கடைப் பெயரில் ஒரு பெட்டி இருந்தது. இரண்டரை வருடமாக அதை யாரும் திறக்கவில்லை. அதில் என்ன இருக்கிறது, யாருடையது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டு எழுதியிருக்கிறேன்.

மாற்றியபோது பழையதை எடுக்காமல் விட்டது என் தப்பு. வேறு யாரையும் எதுவும் கேட்காதே.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

இரண்டரை வருடம். ஆஸ்பத்திரி முழுக்க உன்னை நம்பி இருக்கிறது என்று ஊரெல்லாம் பெருமை பேசினேனே. ஒரு பெயரை எடுக்க மறந்தாயா? தினமும் காலையில் நான் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது உனக்குத் தெரியாதா?

பெட்டி திறந்ததும் தகவல் சொல். அதுவரை எனக்கு எழுதாதே.


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய், எழுதாமல் முடியாது.

பழைய கம்பெனி பதில் போட்டிருக்கிறது. பெட்டி இன்னும் இருக்கிறது. ஏப்ரல் 30 அன்று எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். திறக்க வேண்டுமானால் கணக்கின் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும். கணக்கு மச்சான் பெயரில் இருக்கிறது. கையெழுத்து அவர்களிடம் உள்ள பழைய கையெழுத்தைப் போல இருக்க வேண்டுமாம். மச்சானின் கையை நினைத்தால் கவலையாக இருக்கிறது, ஆனாலும் வேறு வழியில்லை. படிவம் இத்துடன் இருக்கிறது.

என்னைத் திட்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் திட்டு. இதை மட்டும் தள்ளிப்போடாதே.

தம்பி


ஏப்ரல் 14

அக்கா,

ஒன்பது தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. மச்சான் எடுத்தால் என்ன சொல்வது என்று தெரியாமல் கடைப் போனுக்குச் செய்யவில்லை. மார்ச் 29 கடிதம் வந்ததா? அதில் ஒரு படிவம் இருக்கிறது. இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது. கோபம் என் மேல் இருக்கட்டும், உறையைப் பிரி.

தம்பி


ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

உன் முதல் உறையைப் பிரிக்காமல் லென்ஸ் பெட்டிக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதியிருப்பாய், அதைப் படிக்கத் தெம்பில்லை என்று நினைத்தேன். நேற்று இரண்டாவது வந்த பிறகுதான் பிரித்தேன். என் கையாலேயே எல்லாவற்றையும் கெடுக்கப் பார்த்திருக்கிறேன். எனக்கு வந்த கோபத்தில் இடி விழ.

கையெழுத்துக்காக உன் மச்சானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாலு கடை மெயிலுக்கு எழுதுவதாகச் சொன்னது, நான் தினமும் பார்த்தது, மூன்றாவது நேம் சர்வர், பழைய பெட்டி, எல்லாம். அவள் பெயரை இந்த வீட்டில் எடுத்து மூன்று வருடம் ஆகிறது. குதிப்பார் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. "யாரு விட்டது அத?" என்று கேட்டார். "தம்பிதான், மாத்தும்போது எடுக்க மறந்துட்டானாம்" என்றேன். "ஒல்லியா அப்படிச் சொன்னான்?" என்றார், உன்னை அவர் அப்படித்தானே கூப்பிடுவார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும், "அவனே எழுதியிருக்கானா?" என்று கேட்டார். கடிதத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிவத்தை ஜெராக்ஸ் கடையில் இருபது நகல் எடுத்து வந்தேன். இடது கையால் வலது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பழைய கையெழுத்தில் கடைசியில் ஒரு சுழி வருமே, அது வரவே இல்லை. வேர்த்துக் கொட்டியது. "போதும், விடுங்க" என்றேன், கேட்கவில்லை. பதினேழாவது ஓரளவு வந்தது. அதையே அனுப்புகிறேன். நேற்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

நீ பேசிப் பார். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம்.

கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று முதலில் திருப்பிவிட்டார்கள். மச்சானின் ஆஸ்பத்திரிச் சீட்டை அனுப்பி, மூன்று பேரிடம் மாற்றி மாற்றிப் பேசினேன். கடைசியில் ஒரு மேலாளர், "எங்கப்பாவுக்கும் கை இப்படித்தாங்க" என்று சொல்லித் திறந்துவிட்டார். ஏப்ரல் 28 அன்று.

அறுநூறுக்கு மேல் இருந்தன, பாதி விளம்பரம். அதில் பதினொன்று வாலுவுடையவை.

அவள் எழுதியிருக்கிறாள் அக்கா. ஒன்றுவிடாமல் அங்கேதான் போயிருக்கிறது. அவளுடைய மெயில் கம்பெனிக்கு அந்தப் பழைய சர்வர்தான் பக்கம் போலிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதையே வழி கேட்டிருக்கிறது. அவள் எந்த ஊரிலிருந்து எழுதினாள் என்று தேடிப் பார்த்தேன், தெரியவில்லை. கடைசிக் கடிதம் போன வருடம் மார்ச்சில் வந்திருக்கிறது.

பதினொன்றையும் அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் கடிதத்தின் முதல் வரியை மட்டும் படித்தேன். மேலே படிக்க எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. மச்சானையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

தம்பி


மே 25

அன்புத் தம்பிக்கு,

இருக்கிறோம். என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு வாரம் ஓடிவிட்டது.

முதல் கடிதத்தின் முதல் வரி, "அம்மா, சாப்டியா?" நீ அதோடு நிறுத்தினாய், உனக்குப் புண்ணியம். நான் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தேன், உன் மச்சான் கேட்டார்.

மூன்றாவதில் திட்டுகிறாள். நாலாவதில் முழுகாமல் இருக்கிறேன், வாந்தி நிற்கவில்லை, உனக்கு எத்தனை மாதம் இருந்தது என்று கேட்கிறாள். ஆறாவதில் பெண் குழந்தை பிறந்துவிட்டது, மூக்கு என்னுடையதாம். எனக்குப் பேத்தி இருக்கிறாளடா. இப்போது ஒன்றே முக்கால் வயது ஆகியிருக்கும். நடப்பாள். பேர் என்ன என்று வாலு எழுதவில்லை. "நீ பதில் போட்டா சொல்றேன்" என்று எழுதியிருக்கிறாள், குறும்பு விடுமா?

எட்டாவதில், வெள்ளிக்கிழமை காலையில் குழந்தையோடு வருகிறேன் என்கிறாள். "கடை வாசல்ல இனி என்னப் பாக்கக் கூடாதுன்னு அப்பா சொன்னார். அதனால வாசலுக்கு வர மாட்டேன். எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்ல நிக்கறேன். வான்னு ஒரு தடவ கையக் காட்டினாப் போதும், ஓடி வந்துடுவேன்."

ஒன்பதாவதை அப்படியே எழுதுகிறேன். "வந்தேன்மா. ரெண்டு மணி நேரம் நின்னேன். நீ வெளிய வரவே இல்ல. அப்பா வந்தார். கடைக் கண்ணாடியத் துடைச்சார். நிமிந்து என்னையே பாத்தார். நான் பாப்பாவத் தூக்கிக் காட்டினேன். உள்ள போயிட்டார்."

இதைப் படித்ததும் நான் அவரைப் பார்த்தேன். அவர் எழுந்து போய்க் கடை மேசை முன்னால் நின்றார். "படிக்கற கண்ணாடி போட்டிருந்தேன்" என்றார். கடையில் இருக்கும்போது எப்போதும் அதைத்தான் போட்டிருப்பார், உனக்கே தெரியும். அதைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தால் ஆளும் மரமும் ஒன்றுதான். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கண் பார்த்தவருக்குத் தன் மகளை இருபது அடியில் தெரியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. அவர்தான் அழுதார். முப்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை.

பதினொன்றாவது இரண்டு வரி. "பதில் வராததுதான் பதில்னு புரிஞ்சுகிட்டேன். இந்த மெயிலையும் மூடறேன், உடம்பப் பாத்துக்கோ."

அன்றைக்கே அந்த முகவரிக்கு எழுதினேன். இப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. எழுத்துப்பிழையோ என்று ஏழு தடவை அனுப்பிவிட்டேன். அவளுடைய சிநேகிதிகள் வீட்டுக்கெல்லாம் போய்வந்தேன். யாருக்கும் தெரியவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். போகும்போது போகும். இடுப்புக்கு மருந்து போடு.

அக்கா


ஜூன் 9

ஒல்லிக்கு,

உன் மச்சான் எழுதுவது. இடது கையால் எழுதுகிறேன், எழுத்துக் கூட்டிப் படி. உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. உன் வீட்டில் எல்லோரும் சுகமென்று நம்புகிறேன்.

நீ எதையும் மறக்கவில்லை. நீ சரியாகத்தான் எடுத்தாய். நீ மாற்றிவிட்டுப் போன மூன்றாம் நாள், நான்தான் உள்ளே போய்ப் பழைய சர்வரில் ஒன்றைத் திரும்பப் போட்டேன். யார், எந்தத் தேதியில் போட்டது என்பதெல்லாம் டொமைன் கணக்கில் பதிந்திருக்கும். நீ பார்த்திருப்பாய். பார்த்துவிட்டு உன் தலையில் போட்டுக்கொண்டாய். கைகால் விழுந்தவனை உன் அக்கா வெறுத்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பாய். உனக்கு அந்த வேலை வேண்டாம்.

ஏன் போட்டேன் என்று சொல்கிறேன். வாலு போன அன்று உன் அக்காவிடம் மெயில் எழுதுவதாகச் சொன்னபோது நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். நீ வந்து எல்லாவற்றையும் புதிய கம்பெனிக்கு மாற்றினாய். புதியது எப்படி இருக்குமோ, அவள் எழுதுகிற அன்று பார்த்துப் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். பழையதில் ஒன்று கூட இருந்தால், இந்த வழியில் வராவிட்டால் அந்த வழியில் வந்துவிடும் என்று நினைத்தேன். வழிதான் இரண்டு, வீடு ஒன்று என்று நினைத்தேன். வீடும் இரண்டு என்று எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டி வரும், அதனால் கேட்கவில்லை.

உன் அக்காவிடம் நேற்று சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். "அவ எழுதணும்னு உங்களுக்கும் ஆச இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். இருந்தது என்றேன். "ஒரு நாள் எங்கிட்டச் சொல்லியிருந்தா ரெண்டு பேருமாத் தேடிப் போயிருக்கலாமே" என்றாள். பிறகு எனக்குச் சோறு போட்டாள். அவள் சாப்பிடவில்லை.

நீ எனக்கு ஒரு வேலை செய்ய வேண்டும். நம் சைட்டில் கடை நேரம், லென்ஸ் படம் எல்லாவற்றையும் எடுத்துவிடு. முதல் பக்கத்தில் இதை மட்டும் பெரிய எழுத்தில் போடு: "அன்று எனக்குக் கண் தெரியவில்லை. வாசலுக்கே வா. அப்பா." போட்ட பிறகு எல்லா இடத்திலும் தெரிகிறதா என்று பார். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று நமக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு ஊராகப் பார்த்து, அங்கே தெரிகிறதா என்று எனக்குச் சொல்.

மச்சான்